வெட்டக்கூடாத மரம், அடிக்கக்கூடாத மூஞ்சூறு

வளைகாப்பு முடிந்து மகளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. அவளுக்கு ஒதுக்கிய பின்னறைக்குச் சிமெண்ட் அட்டைதான் கூரை. அதை ஒட்டி, கிறிஸ்துமஸ் மரம் என்று எல்லோரும் சொல்லும் ஊசியிலை மரம் நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஊட்டியிலிருந்து தொட்டியில் வாங்கி வந்தது. இப்போது பக்கத்து மாடியை விட உயரம். அதன் வேரடி மண் வெடித்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, காற்றில் அட்டை மேல் சாய்ந்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, அதை வெட்டிப்போடலாமுங்க."

"மாசமா இருக்கற புள்ளைய ஊட்ல வெச்சுக்கிட்டு மரத்துல அருவா வெப்பாங்களா? கொழந்தை பொறக்கட்டும்" என்றார்.

எனக்கும் அது தெரியும். அதனால் மகளின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். சாயங்காலமே அவள் வீறிட்டாள். கட்டிலுக்கு அடியில் மூஞ்சூறு!

"பிள்ளையாரு வண்டிய இங்க நிறுத்திப்போட்டுப் போயிட்டாரு" என்று அவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்கப்பா! நான் பழைய ரூமுக்கே போறேன்" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூஞ்சூறு உள்ளங்கை அளவுகூட இல்லை. கண் சரியாகத் தெரியாமல் சுவரை ஒட்டியே ஓடும்; அதன் ஆயுசே கொஞ்சம்தான். மரமோ ஓரிடத்தில் நின்று எங்களுக்குப் பிறகும் இருக்கப் போவது. மூஞ்சூற்றுக்குப் பயந்து இவள் மரத்தின் அடியில் போய்ப் படுக்கிறாளே! இரண்டின் மேலும் கை வைக்கவும் முடியாது.

பக்கெட்டைக் கவிழ்த்து மூஞ்சூற்றைப் பிடித்தேன். அடியில் ஒரு காகித அட்டையைச் செருகி, "கோவிச்சுக்காதே பிள்ளையாரப்பா" என்று சொல்லிக்கொண்டே கொல்லை வேலிக்கு எடுத்துப் போனேன். மரத்தடியைத் தாண்டும்போது மேலே ஏதோ முறிந்தது. சுள்ளி ஒன்று தோளில் விழுந்தது. நின்று மேலே பார்த்தேன். பக்கெட்டுக்குள் அது நடுங்கியது. அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வேலியோரம் விட்டதும் அது புல்லுக்குள் ஓடி மறைந்தது.

பின்னறை ஜன்னலில் மகள். "புடிச்சுட்டியாம்மா?"

"உட்டுப்போட்டேன் கண்ணு. முன்னறைக்குப் போ அம்மணி, இப்பவே போ!"

என் குரலைக் கேட்டு அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். மரத்திடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. 'ரங்கநாதா, இவள் பெற்றெழும் வரை இதை நிற்க வை' என்று வேண்டிக்கொண்டேன். பிறகு பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.