ஓசி அத்தானின் மின்சாரக் கார்

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று சிலரைச் சொல்வார்கள். திரைச்சீலை தைக்கிறவளின் புருஷனுக்கு அந்தப் பழமொழி போதாது. காக்கை ஏதாவது போட்டுவிட்டுப் போகுமா என்று அண்ணாந்து பார்க்கிற ஆள் அவர். அவளுடைய தம்பி அவருக்கு ஓசி அத்தான் என்று பெயர் வைத்து, முகத்துக்கு நேரே கூப்பிடுவான். அவரும் பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வார். அதுவும் ஓசியில் வந்ததுதானே.

டயர் கம்பெனிக் கிடங்கில் அவருக்கு வேலை. பேப்பர் படிப்பது சலூனில். முடி வெட்டிக்கொள்வது மட்டும் வீட்டில், பெண்டாட்டி கையால். இப்படிப்பட்டவர் கடன் வாங்கி மின்சாரக் கார் எடுத்தபோது தெருவே வாயைப் பிளந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வெளியே உள்ள பெரிய கடையில் ஒரு தொகைக்கு மேல் சாமான் வாங்கினால், ஒரு மணி நேரம் காருக்கு இலவசமாகச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

ராத்திரி வீட்டு பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கினால் காலையில் கார் தயார். பெரிய செலவும் இல்லை. ஆனால் வீட்டு மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சடைக்கும். வாரம் தவறாமல் அந்தக் கடைக்குத்தான் போவார். ஏற்றுகிற சார்ஜில் பாதியைப் போக வர ஆகிற தூரமே தின்றுவிடும். பில் தொகையை எட்டுவதற்காக வாங்கிய வாளிகள் கட்டிலுக்கடியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. வீட்டில் குளிப்பதோ இரண்டு பேர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். உனக்குக் கணக்கு வராது என்றார்.

அன்று அவளுக்குப் பெரிய நாள். புதிதாகத் திறக்கவிருந்த லாட்ஜில் ஒரு மாடிக்கு மட்டும் திரைச்சீலை கொடுத்திருந்தார்கள். மதியம் முதலாளியம்மா வந்து பார்ப்பதற்குள் மாட்டியாக வேண்டும். பிடித்துப்போனால் மற்ற மாடிகளும் அவளுக்கே. இல்லையென்றால் பழையபடி ஜிப் மாற்றி, கிழிசல் தைத்துக் காலம் தள்ள வேண்டியதுதான். வேன் பேசுகிறேன் என்று முன்தினமே சொன்னாள். சொந்தக் கார் இருக்கும்போது வாடகை வண்டியா என்று குதித்தார். காலையில் சார்ஜ் போட்டுக்கொண்டு நொடியில் வருகிறேன் என்று கிளம்பினார். மூட்டைகளையும் மடக்கு ஏணியையும் வாசலில் வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

அந்தக் கடையில் இலவச நேரம் பில் அடித்த நிமிஷத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இந்த மேதை வழக்கம்போல முதலில் பில்லைப் போட்டுக்கொண்டு வந்தார். சார்ஜ் மெஷின்களுக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. அவர் முறை வருவதற்குள் பில் செத்துப்போயிற்று. காசு கொடுத்து ஏற்றியிருக்கலாம்; அது மானப் பிரச்சினை ஆயிற்றே. காரை ஓரங்கட்டிவிட்டு, மறுபடி உள்ளே போய் இன்னொரு பில் போட்டார். வெளியே வந்தால் அவர் இடத்தில் வேறு கார்.

அவள் போன் செய்தாள்.

"காசு குடுத்து ஏத்திட்டு வாங்களேன். நானே தர்றேன்."

"புதுப் பில்லு கையில இருக்கு. அதைக் குப்பையில போடச் சொல்றியா?"

அவள் போனை வைத்தாள். அழுகை வரவில்லை, இந்த ஆளுக்கா இவ்வளவு நாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று கூச்சமாக இருந்தது. முந்தின நாள் தான் விசாரித்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்ட அதே வேன்காரரைக் கூப்பிட்டாள்.

லாட்ஜில் கம்பிகள் புதுசு, வளையங்கள் நகர மறுத்தன. மெழுகுவர்த்தியைத் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்தாள். கடைசி ஜன்னலில் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது முதலாளியம்மா வந்து, ஓரத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஓசி அத்தானும் வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். எல்லாம் நம்ம மேற்பார்வைதான் என்று யாரும் கேட்காமலே சொன்னார். மூச்சு விடாமல், லாட்ஜுக்கு வருகிறவர்களுக்கு இங்கே கார் சார்ஜ் இலவசமா என்றும் விசாரித்தார்.

முதலாளியம்மா அவளிடம் திரும்பினார். "மத்த மாடியும் நீங்களே பண்ணுங்க. ஆனா சொன்ன நேரத்துக்கு வரணும். கொண்டாந்து சேர்க்கிறது இவர்தானா?"

"இல்லைங்கம்மா," என்றாள் அவள். "இவர் சார்ஜ் போட வந்தவர். எனக்கு வேன் இருக்கு."

படியிறங்கும்போது அவர் வேன் வாடகையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார். கார் நிறையச் சார்ஜ் இருக்கிறதே, அதில் ஏறு என்றார். அவள் ஏணியை வேனில் ஏற்றினாள். மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று வேன்காரரிடம் சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.