சாமி பேசின கேசட்டுகள்

கேசட் பதிகிற கடையில் உட்கார்ந்தால் வாய்க்கு வேலை கம்மி, காதுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. தையல் மிஷின், மாவு மில், எஸ்.டி.டி. பூத் என்று நாள் முழுக்கச் சத்தத்துக்குள்ளேயே குடியிருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, சர்ச் கூட்டம், பள்ளிவாசல் பயான் பேச்சு எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, பேச்சைப் பதிந்தும் கொண்டுவருவார். எரியோட்டில் பத்தாவது படித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்த நான், பேகம்பூர் போகிற வழியில் எங்கள் கடையில் உட்கார்ந்து அதை நகல் எடுத்துக் கொடுப்பேன். தொண்ணூறுகளின் கடைசி. சினிமாப் பாட்டுக்கு அடுத்தபடி எங்களுக்குச் சோறு போட்டது சாமி பேச்சுதான்.

ஒரே ஒரு கவலை. மகள் மலருக்கு ரெண்டரை வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுங்கள் என்றார் டாக்டர். என் மாமியார் பொறுப்பதாக இல்லை. "கடைச் சத்தத்துலதான் பிள்ளைக்கு வாயடைச்சுப் போச்சு. தைக்குள்ள பேசலேன்னா நீ கடைக்குப் போக வேணாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கோ பிள்ளையும் பேச வேண்டும், கடையும் வேண்டும்.

மேலே பதியக் கூடாதது

பேகம்பூரில் லுங்கி வியாபாரம் பார்க்கிற பாய் ஒருவர், குர்ஆன் ஓதிய கேசட்டுக்கு நகல் கேட்டு வந்தார். பழையது தேய்ந்துபோயிருந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பழசைத் தூக்கிப் போட வேணாம் பாய், மேலயே ஏதாவது பாட்டுப் பதிஞ்சு தாரேன்" என்றேன். மனிதர் ரெண்டு கையாலும் கேசட்டைப் பொத்திக்கொண்டார்.

கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். நபிக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். வானவர் வந்து ஓதச் சொல்ல, கேட்டதைக் கேட்டபடியே ஓதினாராம். அதனால் இது மனுசப் பேச்சு இல்லை, ஒரு எழுத்துக்கூட யாரும் மாற்றியதில்லை என்றார். "அரபி உங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டேன். "தமிழ்ல படிச்சுத் தெரிஞ்சுக்குவேன். ஆனா அது அர்த்தம், இதுதான் வேதம்" என்றார். கிளம்பும்போது மலரைப் பார்த்து விசாரித்தார். இன்னும் பேச்சு வரவில்லை என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"அட, என்னம்மா நீங்க! முதல்ல கேட்கணும், அப்புறம்தான் ஓதணும். பிள்ளை இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு, அம்புட்டுதான்."

வெட்டலாமா, கூடாதா?

அடுத்த வாரம் சர்ச் உபதேசியார் ஒரு பிரசங்கத்தைக் கொண்டுவந்தார். பிரசங்கம் ரெண்டு மணி நேரம், கேசட்டோ தொண்ணூறு நிமிஷம். "கொஞ்சம் வெட்டிருங்கம்மா" என்றார். பாயிடம் பாடம் படித்த தெம்பில், "சாமி வார்த்தையை வெட்டக் கூடாதுங்கய்யா!" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேத வசனத்தை வெட்டாதீங்க. எங்க சர்ச் சாமியார் தன் சொந்தக் கதை சொல்ற இடமெல்லாம் தாராளமா வெட்டுங்க, சபைக்கே புண்ணியம்."

நகல் ஓடுகிற நேரத்தில் கேட்டேன், உங்களுக்கும் வேதம் அப்படியே இறங்கி வந்ததா என்று. "தீர்க்கதரிசிங்க வழியாப் பேசினாரு. எழுதினவுக மனுசங்க, ஏவினது ஆண்டவர். கடைசியில அவரோட வார்த்தையே ஒரு ஆளாப் பிறந்து வந்துச்சு. அதனாலதான் எந்தப் பாஷையில வாசிச்சாலும் எங்களுக்கு வேதம்தான்" என்றார். மலர் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். இவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை ஐயா என்றேன். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார்.

"ஆண்டவரோட வார்த்தையே தொட்டில்ல பேசாமத்தாம்மா கிடந்துச்சு, உங்க பிள்ளைக்கு என்ன அவசரம்?"

அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

யாரும் சொல்லாதது

வேதம் ஓதுகிற சாஸ்திரி ஒருவருக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். போட்டுக் கேட்டவர் முகம் சுளித்தார். மிஷின் லேசாக வேகமாக ஓடியிருக்கிறது, சுரம் ஏறிவிட்டதாம். வார்த்தை சரியாகத்தானே இருக்கிறது என்றால், சத்தம் பிசகினால் வேதமே பிசகு என்கிறார். ரெண்டாந்தடவை பதிந்து கொடுத்துவிட்டு, "இதை எந்தச் சாமி சொன்னது சாமி?" என்று கேட்டேன்.

"யாருமே சொல்லலைம்மா. எப்பவும் இருக்கிற சத்தம், ரிஷிகளுக்குக் கேட்டது."

மேக்கயா, கெழக்கயா?

பாலசமுத்திரத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், அவர்கள் ஊரில் நோன்பி என்கிற கோயில் திருவிழாவில் சாமியாடி சொன்ன அருள்வாக்குக் கேசட்டோடு வந்தார். "ஏனுங்க, தோட்டத்துல எந்தப் பக்கம் போர் போடறதுன்னு சாமி சொல்லுச்சுங்க. உருமி மேளச் சத்தத்துல வெளங்கலைங்க. கொஞ்சம் தெளிவு பண்ணிக் குடுங்க" என்றார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். "மகனே, தண்ணி..." என்கிற வரைக்கும் சுத்தமாக இருக்கிறது. திசை சொல்கிற இடத்தில் உருமிக்காரர் மேளத்தை வெளுத்து வாங்கிவிட்டார்.

மறுநாள் சாமியாடியையே கையோடு கூட்டிவந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு சாதுவாக நின்றார் மனிதர். சோறு கொண்டுவந்த என் மாமியார் முந்திக்கொண்டு, "அய்யா, எங்க பேத்திக்கு ஒரு வாக்கு சொல்லுங்க" என்றார். "சாமி வந்தாச் சொல்லுமுங்க, நானாச் சொன்னாப் பொய்யுங்க" என்று ஒதுங்கிவிட்டார். சரி, நோன்பியன்றைக்குச் சொன்னது மேற்கா கிழக்கா, அதையாவது சொல்லுங்கள் என்றேன்.

"எனக்கெப்படிங்க தெரியும்? பேசுனது ஆத்தாளுங்க, நான் வெறும் மைக் செட்டுங்க."

கடைசியில் வந்த வாக்கு

மார்கழி முடியப்போகிறது. மலர் வாயைத் திறந்தபாடில்லை. ஒரு மத்தியானம் பூக்காரம்மா ஒருத்தர் அம்மன் பாட்டுக் கேசட்டுக்குக் காத்திருந்தார். மாமியார் அன்றைக்கும் சோறு கொண்டுவந்து, தை பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். பாதி நகலில் கரண்டு நின்றது. பாட்டு இழுத்து இழுத்து ஊமையானது. அந்த அமைதியில், என் மடியிலிருந்து ஒரு குரல்:

"போச்சு."

நான் குனிந்து மலரின் முகத்தைப் பார்த்தேன். மாமியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "முத வார்த்தையே அவச்சொல்லாவா வரணும்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் பூக்காரம்மா பிடித்துக்கொண்டார். "ஏத்தா, கரண்டு போனதைப் போச்சுன்னு சொல்லாம, வந்துருச்சுன்னா சொல்லும்? இம்புட்டுத் தெளிவா உங்க வீட்ல வேற யாரு பேசுறாக?"

மாமியார் பேத்தியையே பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லு ஆத்தா" என்று கெஞ்சினார். மலர் நின்றுபோன மிஷினைக் காட்டி, "போச்சு" என்றாள். சோற்றுத் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, அவளை மடியில் வாங்கிக்கொண்டு என் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார் மாமியார். கரண்டு திரும்பி வந்து பாட்டு மறுபடி ஓடினபோது அந்தச் சத்தம் எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை. கடைக்குப் போக வேண்டாம் என்ற பேச்சும் அதோடு முடிந்தது. சாயங்காலம் பூட்டும்போது சாவியை என் கையில் கொடுத்து மாமியார் கேட்டார்:

"ஏன்டி, நாளைக்கும் கரண்டு போகுமா?"

சாமி எப்படிப் பேசும் என்று எனக்கு அலுக்காமல் சொல்லிக்கொடுத்த அத்தனை பேரும் நன்றாக இருக்கட்டும், எங்கள் வீட்டுச் சாமிக்கு மட்டும் கரண்டு இல்லாவிட்டால்தான் வாய் திறக்கும்.