சிவப்புப் புள்ளிக்கு முளைத்த வால்

ஆயுதப்படையில் சேர்ந்து பதினேழு வருடங்களில் துப்பாக்கியைப் பார்த்து நான் பயந்ததில்லை. போன ஐப்பசியில்தான் முதன்முதலாகப் பயந்தேன்.

வருடாந்தரத் துப்பாக்கிப் பயிற்சிக்கு ஒரு வாரம் இருந்தது. கார்பைன் துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் புதிய சைட்டுகள் விழுப்புரத்தில் எங்கள் ஆயுதக் கிடங்குக்கு வந்திருந்தன. கைதிகளைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகும் காவலில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கொன்றைத் தேர்ந்து பதிவேட்டில் எழுத வேண்டும். கிடங்கு ஏட்டு மேசைமேல் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று சிறிய கண்ணாடிச் சட்டம். அதற்குள் சிவப்புப் புள்ளி ஒன்று எரியும். புள்ளியை இலக்கின்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். மற்றது, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் குழாய். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குத் துப்பாக்கியிலேயே இருக்கும் பழைய இரும்புத் துளை.

எனக்கு முன்னால் பார்த்தவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். "செமயா கீதுக்கா. பொட்டு வச்ச மாதிரி உக்காந்துக்குது" என்றாள்.

நான் பார்த்தபோது அங்கே பொட்டு இல்லை. ஈரக்கையால் இழுத்துவிட்ட குங்குமம்போல ஒரு தீற்றல். கீழே வால் வேறு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"இன்னாம்மா, புள்ளி தெரியுதா?" என்றார் ஏட்டு.

"தெரியுதுங்க."

அவர் என் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. கண் சரியில்லை என்று தெரிந்தால் காவலிலிருந்து எடுத்து எழுத்து வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்பதுதான் முதல் பயம். அடுத்த பயம் குளிக்கும்போது வந்தது. கோர்ட்டு வாசலில் கைதியைச் சுற்றி எப்போதும் அவன் வீட்டார் நிற்பார்கள், இடுப்பில் குழந்தையோடு. ஒருவனை நான் குறிவைத்தால் அந்தத் தீற்றல் பக்கத்தில் நிற்பவர்மேலும் படியுமே. சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார் என் கணவர். ஒரு நாள் முழுக்க அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சீருடை இல்லாமல் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். விழுப்புரத்துக் கண்ணாடிக் கடைகளில் ஆயுதப்படைக் குடும்பங்களில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வழியில் கூட்டேரிப்பட்டில் தூறல். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகளுக்கும் வால் முளைத்திருந்தது. இத்தனை நாள் அதை மழையின் வேலை என்றே நினைத்திருந்தேன்.

கடையில் கண் பரிசோதித்த பெண்ணிடம், "வண்டி ஓட்டறப்ப லைட்டு செதறுது" என்று மட்டும் சொன்னேன். அவள் என் மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி வில்லைகளை மாற்றியபடியே, "உங்க வேலைக்கு எவ்ளோ தூரத்துல பாக்கணும்ங்க?" என்று கேட்டாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வில்லையை ஒருமுறை திருப்பினாள். "வலது கண்ணுல சிலிண்டர் பவர் இருக்குதுங்க. கருவிழி பந்து மாதிரி இல்லாம முட்டை மாதிரி இருக்குது, அதான் புள்ளி இழுக்குது. சந்தேகமா இருந்தா துப்பாக்கியை அசைக்காம தலையை மட்டும் சாய்ச்சுப் பாருங்க. வாலும் கூடவே சாஞ்சா கோளாறு கண்ணுல. சாயலைன்னா சைட்டுல."

"கண்ணாடி எப்பம்மா கெடைக்கும்?"

"அஞ்சு நாள் ஆவும்ங்க."

பயிற்சிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று ஏட்டிடம் கேட்டு வாங்கித் தலையைச் சாய்த்தேன். வாலும் சாய்ந்தது. கோளாறு என் கண்ணில்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு தெரியுதுன்னியே?"

"பயந்துட்டேங்க."

"பயந்துக்கினு பொய் சொல்லுவ, அப்புறம் கார்பைனைத் தூக்கிக்கினு கோர்ட்டுல நிப்பியா?"

 அவர் குழாயை எடுத்துக் கொடுத்தார். கண் பக்கத்து வளையத்தைத் திருகியதும் உள்ளே இருந்த கறுப்புக் கோடு கூர்மையாக நின்றது. எனக்கு உயிர் வந்தது.

"கேட்டைப் பாரு. சென்ட்ரி பக்கத்துல யார் நிக்கிறாங்க?"

கேட்டில் காவல் நின்ற சென்ட்ரியின் முகம் மட்டும், மீசை முடிவரை தெரிந்தது. "யாருமில்லைங்க" என்று சொல்லிக் கண்ணை எடுத்தேன். அவரை ஒட்டி இரண்டு பெண்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்கள். குழாயை நானே மேசைமேல் வைத்துவிட்டேன்.

கடைசியாக இரும்புத் துளை. சின்னத் துளை வழியே பார்த்தபோது எல்லாம் சற்று மங்கல்தான். ஆனால் குழல் நுனியில் இருக்கும் குறிமுள் ஒன்றாகத் தெரிந்தது. வால் இல்லை, சுற்றிலும் ஆட்களும் தெரிந்தார்கள்.

"இதுவே போதுங்க."

"ஆர்.ஐ. ஐயாகிட்ட நீயே போய் சொல்லு" என்றார்.

பயிற்சி நாளன்று எல்லோரும் வரிசையில் நிற்கும்போது எங்கள் ஆயுதப்படை இன்ஸ்பெக்டரான ஆர்.ஐ.யிடம் சொன்னேன்.  அவர் பதிவேட்டில் பழையதை அடித்து, இரும்பு என்று எழுதினார். நான் சுட்டதில் எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தேன்; தேர்ச்சிதான். கண்ணாடி வரும்வரை கோர்ட்டுக் காவல் வேண்டாம், கேட்டில் நில் என்றார். முதலில் அவமானமாக இருந்தது. இரண்டாம் நாள், பல நாளுக்குப் பிறகு, பசித்துச் சாப்பிட்டேன்.

கண்ணாடி போட்டுப் பார்த்தபோது புள்ளியின் வால் குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை. மாற்றிக்கொள்கிறாயா என்று ஆர்.ஐ. கேட்டார். இரும்பே இருக்கட்டும் ஐயா என்றேன்.

தை மாதம் கோர்ட்டு வாசலில் கைதியின் வீட்டாருக்கும் எதிர்த்தரப்புக்கும் தள்ளுமுள்ளு. கை தானாகத் துப்பாக்கி வாருக்குப் போனது. தூக்கவில்லை, தூக்க வேண்டியும் வரவில்லை. கூட்டம் கலைந்து, கைதியோடு வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாரிலிருந்து கையை எடுத்தேன்.