வேலி மரங்களுக்கு நான் போட்ட எண்கள்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். காவிரியில் தண்ணீர் நிறைய வந்தால் வீட்டுக்குள் புகுந்துவிடுமோ என்று பயம், வராவிட்டால் போர் வற்றிவிடுமோ என்று பயம். "பயப்பட ஒண்ணும் கிடைக்கலைன்னா அதுக்கும் பயப்படுவே" என்பார் என் கணவர். அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் பயம் ஒன்று உண்டு. இது அதைப் பற்றி.

வரைபடம் வரைவது என் தொழில். மருங்காபுரிப் பக்கம் தேவாங்குகளுக்கு ஒரு சரணாலயம் அமைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, அதற்கான மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிக்கும் குழுவில் என்னை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லைக் கோடு எங்கே ஓட வேண்டும், எங்கே ஆடு மேய்க்கலாம், எங்கே கூடாது, தீப்பிடித்தால் எந்த வழியாகப் போய் அணைப்பது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி மணப்பாறையில் மாறிப் போவேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னை "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று திட்டுவார். நிஜத் தேவாங்கை நான் பார்த்தது நாற்பத்து மூன்றாம் வயதில்தான். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை வனத்துறை ரேஞ்சர் மெதுவாகத் தூக்கிக் காட்டினார். புளியங்கிளையில் இரண்டு கண்கள் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு. குச்சி போன்ற கைகளால் கிளையைப் பிடித்துக்கொண்டு அவையும் என்னைப் போலவே பயந்துபோய்ப் பார்த்தன. வாத்தியார் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அந்த மரம் ஓர் அக்காவின் கொல்லை வேலியில் நின்றது. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. புருஷன் இல்லை. அந்த இரண்டு ஏக்கர் கொல்லையில் கடலையும் துவரையும் போட்டு, பத்து ஆடு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கொல்லைக்கு வடக்கே ஒரு கரடு, தெற்கே ஒரு கரடு, இரண்டும் புதர் மண்டிய சின்னப் பாறைக் குன்றுகள். தேவாங்கு தரையில் இறங்க அஞ்சும் பிராணி. கிளைக்குக் கிளை பிடித்தே போகும். இரண்டு கரட்டுக்கும் நடுவில் அதற்கு இருந்த ஒரே வழி, அக்காவின் கிளுவையும் வேம்பும் புளியும் நின்ற அந்த உயிர்வேலிதான்.

"இந்த வேலி எல்லைக்குள்ள வரலைன்னா தெக்குக் கரட்டைச் சேர்க்கிறதுல அர்த்தமே இல்லை மேடம்" என்றார் ரேஞ்சர். வேலி உள்ளே வந்தால் கொல்லையும் உள்ளே வரும். நிலத்தை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு போர் போடவும், ஓர் அறை கட்டவும் அனுமதி கேட்டு அலைய வேண்டியிருக்கும். எல்லைக்குள் வந்த நிலத்தை வாங்க ஆளும் கிடைக்காது.

அக்கா அதை மோப்பம் பிடித்துவிட்டார். ஒருநாள் எனக்கு மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், உங்க கோடு என் கொல்லைக்குள்ள வருமா?"

வரும் என்று எனக்குத் தெரியும். வரைந்தவளே நான்தான். ஆனால் மோர்ச் செம்பு கையில் இருந்தது, அவர் கண் என் முகத்தில் இருந்தது. சொன்னால் கத்துவாரோ, ஊரைக் கூட்டுவாரோ என்று பயந்துவிட்டேன்.

"வராதுக்கா" என்றேன்.

"அது போதும். அந்த ரெண்டு ஜீவனும் அதுங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். என்ன, என் கடலையவா திங்குது?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் வேலியில் தேவாங்கு புழங்கும் மரங்களுக்கு அடையாளம் போட வேண்டியிருந்தது. ஆணியடிக்கும் தகரத் தகடு இன்னும் வந்து சேரவில்லை. மணப்பாறைக் கடையில் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. ஒன்று முதல் பதினொன்று வரை நெஞ்சு உயரத்தில் அழகாக எழுதினேன். அந்த இரண்டும் இருந்த புளிக்கு ஏழாம் எண். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு வந்த நாட்களில் சோறு சரியாக இறங்கவில்லை. வரைவுத் திட்டத்தை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வைத்துக் கருத்துக் கேட்பதாக இருந்தது. சுவரில் என் வரைபடம் தொங்கும், அக்கா வந்து பார்ப்பார், கோடு அவர் கொல்லையைச் சுற்றிக்கொண்டு போவது தெரியும், எல்லார் முன்னாலும் என்னைப் பார்ப்பார். அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். லேப்டாப்பில் அந்தக் கோட்டை நகர்த்திப் பார்ப்பேன், திரும்பப் பழைய இடத்திலேயே வைப்பேன்.

ஒருநாள் காலையில் தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது ரேஞ்சர் போன் செய்தார்.

"மேடம், உங்க பதினோரு மரமும் இல்லை. வெட்டிட்டாங்க. சரியா அந்தப் பதினொண்ணு மட்டும்."

கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில்தான் யோசித்தேன். எண் போட்ட மரத்தை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறார்கள் என்றால் என் மேலுள்ள கோபத்தில்தான் வெட்டியிருக்க வேண்டும், போனதும் என்னைச் சுற்றி நிற்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா. ஆனால் பேய் வேறு இடத்தில் இருந்தது. சாலை அகலப்படுத்தும் ஓர் இடத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் புளியமரங்கள். ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் பெயிண்டில் எண். கடைசி மரங்கள் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடந்தன. இந்தப் பக்கம் மரத்தில் எண் போட்டால் ஏலம் விட்டு வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

கொல்லையில் யாரும் என்னைச் சுற்றி நிற்கவில்லை. அக்கா மட்டும் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கில் ஒரு கட்டையில் என் ஏழு தெரிந்தது.

"ஏன்க்கா வெட்டினீங்க?"

"நம்பர் போட்டா ஏலம்தானே மேடம்? எவனோ வந்து வெட்டி லாரியில ஏத்துறதுக்கு, நானே வெட்டினா அடுப்புக்காச்சும் ஆகுமேன்னுதான்." கையிலிருந்த கட்டையை அடுக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முதல்ல உங்க கோட்டுக்கோன்னுதான் பயந்தேன். ஆனா கோடு வராதுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. அப்ப மரத்துக்குத்தான் நம்பர்னு முடிவு பண்ணிட்டேன்."

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், மரம் இருந்திருக்கும். சந்தையிலிருந்து அவர் வரும்வரை காத்திருந்தாலும் மரம் இருந்திருக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் வேலியையே மேய்ந்துவிட்டேன்.

வேலி போனதும் தெற்குக் கரட்டைத் திட்டத்திலிருந்து எடுத்தார்கள். எல்லைக் கோடு வடக்குக் கரட்டின் அடிவாரத்தோடு நின்றது. நான்தான் மாற்றி வரைந்தேன். 'வேலி மரங்கள் நில உரிமையாளரால் அகற்றப்பட்டன' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏன் என்று ரேஞ்சர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டுவிடுவாரோ என்று இன்றும் அவர் போன் வந்தால் அடித்து ஓயும்வரை விட்டுவிட்டுப் பிறகுதான் திருப்பிக் கூப்பிடுகிறேன்.

கருத்துக் கேட்புக்கு அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். வரைபடத்தில் தன் கொல்லையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கோடு தள்ளிப் போவதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க மேடம். நல்லா இருப்பீங்க."

கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"ஏன் மேடம், அந்த ரெண்டு ஜீவனும் எங்க போச்சு? மரம் வெட்டினதிலேர்ந்து கண்ணுலயே படலையே."

எனக்குத் தெரியாது. ரேஞ்சருக்கும் தெரியாது. தெற்குக் கரட்டில் மூன்று முறை தேடிப் பார்த்தும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண்கூடத் திரும்பி மின்னவில்லை. ஆனால் அவர் கண் என் முகத்தில் இருந்தது.

"மலைக்குப் போயிருக்கும்க்கா" என்றேன்.

முதல் தடவை நம்பியது போலவே இதையும் நம்பினார்.