காலண்டர் தாளில் 214

என் கணினித் திரையின் மூலையில் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் பேனாவால் 214 என்று மட்டும் எழுதியிருக்கும். எழுதியவர் எங்கள் திண்டுக்கல் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்த்த அக்கா. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்து வந்தவர். மில்லில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. அது சரியாகப் பிரிக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சின்னச் சோதனை நிரல்களை அக்காதான் எழுதினார். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் விழக்கூடாது என்பதற்கு மட்டும் பதினோரு சோதனைகள். "ஒரு ஷிப்டு நின்னாலே காலு மரத்துப்போகும் தம்பி" என்பார். மொத்தச் சோதனைகள் 214. எத்தனை ஓடின என்று பார்த்து, அந்தத் தாளோடு ஒப்பிடாமல் டீ குடிக்கப் போகமாட்டார். நான் கிண்டல் செய்வேன்.

சோதனைகளை ஓட்டும் பழைய கட்டமைப்பை விட்டுவிட்டு, அதே சோதனைகளை வேகமான புதியதில் ஓட்டலாம் என்று முடிவெடுத்தது நான். அக்கா அப்போது பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தார். ஓட்டினேன். திரை முழுக்கப் பச்சை, தோற்றதாக ஒன்றுமே காட்டவில்லை. எண்ணைப் பார்க்கவில்லை. வழியிலிருந்து அக்கா போனில் கேட்டார்: "எத்தனை ஓடுச்சு தம்பி?"

"எல்லாம் பாஸுக்கா. நீங்க நிம்மதியா நடங்க."

பழையது எந்தப் பெயர் வைத்தாலும் ஓட்டும். புதியதோ 'டெஸ்ட்' என்று தொடங்கும் பெயர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அந்தப் பதினொன்றுக்கும் அக்கா, மில்லில் தன்னோடு நின்ற பெண்களின் பெயர்களை வைத்திருந்தார். அவை ஓடவே இல்லை. அதே வாரம் நான் செய்த வேறொரு திருத்தத்தில் ஷிப்ட் விதி உடைந்தது, எந்தச் சோதனையும் தடுக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் விழுந்தது. இரண்டாவதில் மயங்கி இயந்திரத்தின் மேல் சாய்ந்தார். வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அக்கா திரும்பிய மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, "டெஸ்ட் பாக்குறது யாரு?" என்றார். "நான்தான் சார்" என்றார் அக்கா. அந்த மாதமே வேலையை விட்டார்; அவர் திரையிலிருந்த தாள் என் திரைக்கு வந்தது. புதியதில் ஓட்டியதும், எண்ணைப் பார்க்காமல் விட்டதும் நான்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்றும் சோற்றில் கல்லாய்க் கடிபடுகிறது.

போன வாரம் தாடிக்கொம்பு பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"என்னைய விடு தம்பி. அந்தப் புள்ள இப்ப இடக்கையில எழுதப் பழகுறா."

"அவங்க பேரு என்னக்கா?"

"இம்புட்டு நாளா பேரக்கூடக் கேக்கலையா?"

பிறகு சொன்னார். அந்தப் பதினொன்றின் பெயர்களுக்கு முன்னால் 'டெஸ்ட்' சேர்த்து முன்பே ஓடவைத்திருந்தேன்; இப்போது அவர் பெயரிலும் அப்படியே ஒரு சோதனை எழுதிச் சேர்த்தேன். இன்று ஓட்டியபோது எண்ணினேன், இருநூற்றுப் பதினைந்து. தாளில் இன்னும் 214தான் இருக்கிறது. அக்காவின் எழுத்தை அடித்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.