நின்றால் உயிரை விடும் காரில் மாரண்டஹள்ளிக்கு

பகல் ஒரு மணிக்குத் தர்மபுரியில் என் வீட்டு வாசலிலிருந்து என் சொந்தக் கார் கிளம்பியது. சொந்தக் கார்! எட்டு வருஷம் ஓடிய பழைய வண்டிதான். சேலத்தில் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. யுத்தத்துக்கு முந்தின தை மாதம் அது. பெட்ரோல் காலன் ஒன்றே கால் ரூபாய்க்குத் தாராளமாய்க் கிடைத்தது.

பின் சீட்டில் என் அக்காள் மகன் கோவிந்தன், பட்டு வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் மாரண்டஹள்ளியில் அவனுக்குக் கல்யாணம். அன்று மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. மற்ற உறவினர் எல்லாரும் காலையிலேயே சின்ன ரயிலில் போய்விட்டார்கள். பெண்ணின் தகப்பனார், "காரெல்லாம் எதுக்குங்க? எங்க சவாரி வண்டியிலயே மாப்பிள்ளைய அழைச்சிக்கிறோம்" என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். தாய்மாமன் நான் விடுவேனா? "உங்க காளைங்க எங்க காருக்குப் பின்னால வரட்டுங்க" என்று சபையில் சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு இப்போது கார்தான் துணை.

கிளம்புமுன் பூஜை போட்டோம். ஆயுத பூஜையில் சுத்தி முதல் திருப்புளி வரை ஒன்றுவிடாமல் பொட்டு வைக்கிற குடும்பம் எங்களுடையது. நான் பானெட்டைத் திறந்து இன்ஜினின் ஒவ்வொரு உறுப்புக்கும் என் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டருக்கு வந்தபோது, டிரைவர் முனிசாமி, "அதுக்குமாங்க மொதலாளி?" என்றான். "ஏன், அது மட்டும் என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?" என்று கேட்டு, தாராளமாகவே அப்பினேன்.

புலிகரை வரை பறந்தோம். மணிக்கு முப்பது மைல்! அங்கே ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடக்க, முனிசாமி வேகத்தைக் குறைத்தான். இன்ஜின் இரண்டு முறை இருமிற்று, கறுப்புப் புகை விட்டது, நின்றுவிட்டது. முனிசாமி இறங்கிக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். கிளம்பியது. மேலே ஒரு மைலில் எதிரே மாட்டு வண்டி. வேகம் குறைந்ததும் மறுபடி நின்றது. பாலக்கோடு வருவதற்குள் நான்கு முறை. ஓடினால் சிங்கம், நடக்கச் சொன்னால் பிணம்.

"பெட்ரோல் கடைக்காரன் மண்ணெண்ணெய் கலந்துட்டான்" என்று கத்தினேன். பிறகு, "உனக்குக் காலா, உலக்கையா?" என்று முனிசாமியின் மேல் பாய்ந்தேன். 

"நின்னாத்தானே கோளாறு? நிக்காம ஓட்டு!" என்றேன்.

கோவிந்தன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, ஊர்வலத்துல முப்பது மைல் வேகத்துலயா போறதுங்க? மேளக்காரரு ஓடிக்கிட்டே வாசிப்பாருங்களா?"

 ஊர்வலம் ஆள் நடக்கிற வேகத்தில் அல்லவா போகும்! நடுத்தெருவில் மாப்பிள்ளையோடு கார் நின்றால் அபசகுனம் என்று பெண்டுகள் பேசுவார்கள். அவனை இறக்கிக் காளை வண்டியில் ஏற்றுவார்கள். நான் எந்த முகத்தோடு மணவறைப் பக்கம் நிற்பது?

மணி இரண்டேமுக்கால். பாலக்கோட்டில் அந்த நாளில் கார் ரிப்பேர் கடை கிடையாது. கடலை எண்ணெய் மில்லில் இன்ஜின் ஓட்டுகிற ராமையா என்பவரைக் காட்டினார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர்; சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, புகையை மோந்து பார்த்தார்.

"பெட்ரோல் நல்ல பெட்ரோலுங்க. வண்டி வேகமா ஓடறப்ப பெரிய வழியில மூச்சு இழுக்குது. மெதுவாப் போறப்ப கடுகாட்டம் ஒரு சின்ன ஓட்டைதான் அதுக்கு மூக்கு. அந்த மூக்கு அடைச்சிருக்கு."

துணியால் கார்புரேட்டரைத் துடைத்தவர் திகைத்துப் போய் நிமிர்ந்தார். "சாமி, இங்க பொட்டு வெச்சது யாருங்க?"

இன்ஜின் சூட்டில் என் சந்தனம் வழிந்து, அந்தக் கடுகளவு ஓட்டையில் போய்க் காய்ந்து கிடந்தது! முனிசாமி ஆகாயத்தைப் பார்த்தான். கோவிந்தன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எனக்கு மானம் போயிற்று. "நான்தான்" என்றேன்.

ராமையா கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் அலசினார். எதிர்க் கடை சைக்கிள் பம்பை வாங்கி அந்த ஓட்டையில் ஊதினார். மஞ்சளாய் ஒரு பொட்டு தெறித்து விழுந்தது. நாலு மணிக்கு மறுபடி மாட்டிச் சுற்றினார். அடடா! முனிசாமி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் ராமையாவைக் கட்டிக்கொண்டேன். என் சட்டையெல்லாம் எண்ணெய். பணம் வேண்டாம் என்று பூஜைத் தேங்காய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிச்சந்தை தாண்டும்போது, "முனிசாமி, உன்னைத் திட்டினது என் தப்பு. இதை அங்க யாருகிட்டயும் சொல்லாதே" என்றேன்.

"நான் ஏனுங்க சொல்றேன்?" என்றான்.

ஐந்து மணிக்கு மாரண்டஹள்ளி. ஊர்வலம் கிளம்புகிற மாரியம்மன் கோயிலிலிருந்து பெண் வீடு அரை மைல். அந்த அரை மைலுக்கு ஒன்றேகால் மணி நேரம்! நாதஸ்வரக்காரர் ஒரு மூலை விடாமல் நின்று வாசித்தார். கடைவீதித் திருப்பத்தில் காருக்கு நேர் முன்னே கால் மணி நேரம் நின்றுவிட்டார். நான் மேளத்தையா கேட்டேன்? இன்ஜினைத்தான் கேட்டேன். அது நிற்கவேயில்லை. ஜோடித்த காளை வண்டி காலியாய் எங்களுக்குப் பின்னால் வந்தது. நான் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். சம்பந்தியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "இந்தப் புண்ணியவான் வண்டிக்கு உள்ள வெளிய எல்லாம் பொட்டு வெக்கணும், தொறப்பா" என்றார்.

முனிசாமி ஒரே தாவலில் பானெட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டான்.

"வெளிய எத்தனை வேணும்னாலும் வைங்க ஆத்தா. உள்ள வேணாங்க. உள்ளதுக்கெல்லாம் எங்க மொதலாளியே நெறைய வெச்சிட்டாருங்க!"