பஸ்ஸில் ஓடிய ராஜா

எண்பதுகளில் அஞ்சல்வழியில் பி.ஏ. சேர்ந்திருந்தேன். தபாலில் வந்த பாடங்களைப் பிரிக்கவே மனசில்லாமல், விட்டுவிடலாம் என்றிருந்தபோதுதான் கோட்டுச்சேரி பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தடித்த கண்ணாடி, தலை நிறையக் கனகாம்பரம். பக்கத்தில் உட்கார்ந்ததும் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தை விரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"எனக்கும் தபால்ல இதே பாடந்தாங்க. மனசுக்குள்ள படிக்கக் கூடாதா?" என்றேன்.

"நமக்கு வாத்தியாரும் இல்லை, வகுப்பும் இல்லை. யாருக்காவது சொன்னாத்தானே நமக்கே புரியும்? கேளுங்க!"

பாடத்தில் பிரெஞ்சு ராஜா மாறுவேஷத்தில் தப்பி ஓடியபோது கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். "பிடிச்சாங்களா, இல்லையா?" என்று பின்சீட்டில் யாரோ கத்தினார்கள். காரைக்கால் வந்தும் ஒருவரும் இறங்கவில்லை. ராஜாவைப் பிடித்துக் கொடுத்த பிறகே அந்த அம்மா சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அன்றே என் பாடங்களைப் பிரித்து, மாமியாரில் தொடங்கி மாடுவரை சொல்லித் தீர்த்தேன். நான் பாஸாகிவிட்டேன். அவர் பரீட்சை எழுதினாரா என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.